ஒரு படத்தைப் பார்த்து நமக்குள் நடந்ததை எழுதுவது எப்படி? போட்டோகிராஃபி தொடக்க மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டோகிராஃபி தொடக்க வகுப்பு எடுக்கிறேன். கேமராவைக் கையில் கொடுப்பதற்கு முன்பே ஒரு வேலை கொடுத்துவிடுவேன். வேறொருவர் எடுத்த படம் ஒன்றைக் கொண்டு வர வேண்டும். அது உங்களுக்குள் என்ன செய்தது என்று ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஆனால் போன் வர ஆரம்பித்துவிடும். கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்கள் என்று எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

அக்கா, "உனக்குத் தோணினதை எழுது"ன்னா என்ன எழுதணும்? கதையா, விமர்சனமா?

இரண்டும் வேண்டாம். படத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டுங்கள். அந்த இடம் உங்களை என்ன செய்தது என்று சொல்லுங்கள். "இந்தப் படம் தாய்மையைக் காட்டுகிறது" என்பதை எந்த அம்மா படத்தின் கீழும் ஒட்டலாம். "குழந்தையின் குதிகாலை அம்மாவின் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருக்கிறது, அந்த இடத்தில் சதை வெளுத்திருக்கிறது, அதைப் பார்த்ததும் என் குதிகால் கூசியது" என்பதை அந்த ஒரு படத்துக்குத்தான் எழுத முடியும், நீங்கள் ஒருவர்தான் எழுத முடியும்.

நான் மாணவியாக இருந்தபோது எழுதிக் கொடுத்த முதல் பக்கத்தில் "உணர்ச்சிகரமான படம், சிறப்பான காம்போசிஷன்" என்று எழுதியிருந்தேன். காம்போசிஷன் என்றால் படத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்ற அமைப்பு. ஆசிரியர் சிவப்பு மையில் இரண்டே சொல் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "எந்த இடம்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

எனக்கு எதுவுமே தோணலை. நல்லா இருக்கு, அவ்வளவுதான். என்ன பண்றது?

எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? இதைக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வரும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு 15 நிமிடம் உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் மனசு பெயர் வைக்கும்: ஆள், மரம், சைக்கிள். அப்புறம் சலிப்பு வரும். எழுந்துவிடாதீர்கள். சலிப்புக்குப் பிறகுதான் கண் ஓரங்களுக்குப் போகும். சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்குகிற தூக்குச்சட்டி அப்போதுதான் தெரியும்.

என் அப்பா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பிரிண்ட்டை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய, "எல்" எழுத்து வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகள் வைத்திருப்பார். அவற்றை எதிரெதிராக வைத்தால் சின்ன ஜன்னல் கிடைக்கும். அதை நகர்த்தி நகர்த்திப் படத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். முகம் முகமாகத் தெரியாதபோது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, இருட்டு எங்கே கனத்துக் கிடக்கிறது என்பது தெரியும். கடைசியில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூடின கண்ணுக்குள் எது மிச்சமிருக்கிறதோ அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள்.

எந்தப் படத்தை எடுத்துக்கறது? கூகுள்ல தேடினா எல்லாமே சூப்பரா இருக்கு.

தேட வேண்டாம். ஏற்கெனவே உங்களைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும் படம் ஒன்று இருக்கும். வீட்டு ஆல்பத்தில், டாக்டர் கிளினிக் சுவரில், மளிகைப் பொட்டலம் மடித்து வந்த பேப்பரில். பூ வைத்துத் தைத்த ஜடையைக் கண்ணாடியில் காட்டியபடி நிற்கும் அத்தையின் படம் நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது! முன்னால் முகம், கண்ணாடியில் முதுகு. ஒரே பெண்ணை இரண்டு பக்கமும் பார்க்க வைக்கிற அந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு மாணவி நான்கு பக்கம் எழுதினாள்.

வீட்டுப் படம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்களின் படங்கள் லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அதே நிறுவனத்தில்தான் 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கும் வேலையும் நடந்தது. உங்கள் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிற படங்களின் உடன்பிறப்புகள் அவை.

எந்தப் படமானாலும் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். போன் திரையில் கட்டைவிரல் சும்மா இருக்காது.

"அழகு", "அருமை", "மனதைத் தொட்டது" எல்லாம் ஏன் கூடாதுங்கறீங்க? எனக்கு நிஜமாவே அப்படித்தானே இருந்துச்சு?

நிஜமாகவே இருந்திருக்கும். ஆனால் படிக்கிறவருக்கு எதுவும் போய்ச் சேராது. மனதைத் தொட்டது என்றால் எப்படித் தொட்டது? தடவிக் கொடுத்ததா, கிள்ளியதா?

இதற்கு நம்மிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாகப் பிரிக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளே தோன்றுவது உடம்பில் தெரிவதால் அது மெய்ப்பாடு. அத்தோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணமும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு (அவமானம்), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை. மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். சிறியதைப் பார்த்தும் வியப்பு வரும் என்று எழுதி வைத்தவர்களை நினைத்தால் எனக்குப் பெருமிதம் வருகிறது.

"சோகமான படம்" என்று எழுதியிருக்கிறீர்களா? அந்தச் சோகம் ஒன்றை இழந்ததாலா, அவமானப்பட்டதாலா, இல்லாமையாலா என்று கேளுங்கள். காரணத்தைத் தேடப் போனால் கண் தானாகப் படத்துக்குத் திரும்பும். உடம்பையும் கவனியுங்கள். தொண்டை அடைத்ததா, தோள் இறுகியதா, பார்வையை வேறு பக்கம் திருப்பினீர்களா? அதையும் எழுதலாம்.

அபெர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு எதுவும் இன்னும் கத்துக்கலையே. டெக்னிக்கலா எழுத முடியாதே?

இப்போது தேவையில்லை. விளைவை எழுதுங்கள், காரணம் பிறகு வரும். கடற்கரைச் சாலைப் பாறையில் மோதுகிற அலையை 1/1000 நொடியில் எடுத்தால் தண்ணீர் கண்ணாடிச் சில்லாகச் சிதறி அந்தரத்தில் நிற்கும். ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவை, ஒரு நொடி திறந்து வைத்தால் அதே அலை பால் கொட்டியதுபோல் வழியும். "அலை எனக்கு வலித்தது", "அலை தூங்குகிறது" என்று நீங்கள் எழுதினால் ஷட்டர் ஸ்பீடைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பெயர் தெரியாமல். மூன்றாவது வாரம் அந்தப் பாடம் வரும்போது சட்டென்று பிடிபடும்.

இதைத் திருப்பிப் போட்டால்தான் சிக்கல். கேமரா தெரிந்தவர்கள் பக்கம் முழுக்க லென்ஸ் பெயரை எழுதி, படத்தைப் பார்க்காமலேயே முடித்துவிடுகிறார்கள்.

என் சொந்தக் கதையை எவ்வளவு எழுதலாம்? போன தடவை "படத்தை விட்டுட்டு எங்கயோ போயிட்டே"ன்னு சொன்னீங்க.

போகலாம், திரும்பி வர வேண்டும். மீன் கூடையைத் தூக்கி நிற்கும் ஒரு பெண்ணின் படத்துக்கு ஒருவர் எழுதினார்: தன் ஆயா, ஆயாவின் வீடு, அந்த வீட்டை விற்ற வழக்கு, வழக்கு தோற்ற கதை. உருக்கமான எழுத்து. ஆனால் இரண்டாவது பத்தியிலேயே படத்துப் பெண் காணாமல் போய்விட்டார். அந்தப் பெண்ணின் தலையில் இருக்கும் சும்மாடு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஆயாவின் சும்மாடும் அப்படித்தான் சரியும் என்று அவர் வாயால் சொன்னார், எழுதவில்லை. அந்தச் சரிவு ஒன்று போதும். படத்துக்கும் ஆயாவுக்கும் நடுவில் இருக்கும் பாலம் அதுதான்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரொலான் பார்த் 1980-இல் போட்டோவைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இறந்துபோன அம்மாவின் ஐந்து வயதுப் படம் ஒன்றைப் பற்றித்தான் அதில் பல பக்கங்கள். நூலில் எத்தனையோ படங்கள் இருக்கின்றன, அந்தப் படம் மட்டும் இல்லை. மற்றவர்களுக்கு அது சாதாரணப் படமாகத்தான் தெரியும் என்று அவர் அச்சிடாமல் விட்டுவிட்டார். படத்தில் நம்மைக் குத்துகிற சின்ன இடத்துக்குக் "குத்து", "துளை" என்று பொருள்படும் லத்தீன் சொல் ஒன்றையும் வைத்தார்: புங்க்டும். சுருக்கென்று குத்துகிறது என்று நாம் சொல்வோமே, அதேதான். உங்களைக் குத்துவது பக்கத்தில் இருப்பவரைக் குத்தாது. அதனால்தான் எந்த இடம் என்று காட்டச் சொல்கிறேன்.

வீட்ல தினமும் பூ போட்டுக் கும்பிடுற போட்டோவை எடுத்துக்கலாமா? பாட்டி திட்டுவாங்க.

எடுக்கலாம். சுவரிலிருந்து கழற்றாமல், அங்கேயே முன்னால் உட்கார்ந்து எழுதுங்கள். கண்ணாடி மேல் நெற்றிக்கு நேராக வைத்த குங்குமம், ஊதுபத்திப் புகையில் பழுத்த ஓரம், சட்டத்தில் செருகியிருக்கும் காய்ந்த துளசி என்று எல்லாமே இப்போது அந்தப் படத்தில் சேர்ந்துவிட்டன.

நம் ஊரில் கடைக்குக் கடை ஸ்ரீ அரவிந்தர் படம் இருக்கிறது. 1950 ஏப்ரலில் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் அவரைப் படமெடுத்தார். உலகம் முழுக்கப் பேசப்படும் போட்டோகிராஃபர் அவர். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். பக்தருக்கு அது தரிசனம், போட்டோகிராஃபி மாணவருக்கு ஒரு முதியவரின் முகத்தில் விழுந்த வெளிச்சம். ஒரு மாணவி இரண்டையும் எழுதினாள். கையைக் கூப்பியபடி பார்த்தபோது கண் மட்டும் தெரிந்தது, கையை இறக்கிவிட்டுப் பார்த்தபோதுதான் நாற்காலி தெரிந்தது என்று. பாட்டியிடம் படித்துக் காட்டினாளாம், திட்டு விழவில்லை.

கடலூர் சுனாமிப் படத்தை எடுத்துக்கலாமா? நான் அந்த ஊருதான்.

நானும் அந்த ஊர்தான். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்கும் படம் 2004 டிசம்பர் 28 அன்று, கடல் வந்து போன இரண்டாம் நாள், கடலூரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் போட்டோகிராஃபர் ஆர்க்கோ தத்தா எடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த படமாக வேர்ல்டு பிரஸ் போட்டோ விருது பெற்றது. மணலில் ஒரு பெண் குப்புறக் கிடக்கிறார். கைகள் விரிந்திருக்கின்றன, உள்ளங்கைகள் வானத்தைப் பார்க்கின்றன. இறந்துபோன உறவினரின் கை மட்டும் ஃபிரேமின் ஓரத்தில் தெரிகிறது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் தொகையில் எதுவும் படத்துக்குள் இல்லை. கடலே இல்லை. மணல், ஒரு பெண், ஒரு கை.

என்னைக் குத்தியது அந்த உள்ளங்கைகள். சாவு வீட்டில் நம் பெண்களின் கை சும்மா இருக்காது. மாரில் அடிக்கும், தரையில் அறையும், பக்கத்தில் இருப்பவரின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். ஒப்பாரியில் பாதி கையில்தான் இருக்கிறது. இந்தப் படத்தில் கை ஓய்ந்துவிட்டது. அடித்து முடித்ததா, அடிக்கவே தெம்பில்லையா, தெரியவில்லை. அழுகையின் நான்கு காரணங்களில் இழவை யாரும் சொல்லிவிடுவார்கள். நான் அசைவையும் சேர்ப்பேன்: முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்ந்து போவது. பிடித்து நிற்க எதுவும் இல்லாத கை அது. என் பக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. நீங்கள் எழுதினால் வேறெங்கிருந்தாவது தொடங்கும். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போது மூச்சு முட்டினால் வேறு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகுப்புக்காக யாரும் அந்த நாளுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

ஆனா ஒருத்தர் கதறுறப்ப எடுத்த படத்தைப் பார்த்து "நல்ல படம்"னு சொல்றது தப்பில்லையா? எடுத்ததே தப்பில்லையா?

இந்தச் சங்கடம் வந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். அதுவும் உங்கள் எதிர்வினைதான். "பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேனோ" என்று ஏன் தோன்றியது? போட்டோகிராஃபர் மேலேயிருந்து பார்த்ததாலா, அந்தப் பெண்ணுக்கு நாம் பார்ப்பது தெரியாததாலா? மறுபடியும் எந்த இடம் என்ற கேள்விதான்.

என் பதில் எங்கள் கடையிலிருந்து வருகிறது. சுனாமி வந்த அந்த வாரம் அடையாளம் தெரிவதற்காக உடல்களைப் படமெடுக்க அப்பாவைக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவர் கேமராவைத் துணியில் சுற்றிப் பீரோ மேல் வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டில் ஒரு படம்கூட மிச்சமில்லை. "எம் புள்ளைக்கு ஸ்கூலுக்குன்னு இங்கதான்யா பாஸ்போர்ட் சைசு எடுத்தோம், அந்த ஃபிலிம் இருக்குமா?" என்று கேட்டார். அப்பா மூன்று நாள் நெகட்டிவ் கவர்களைக் கொட்டித் தேடி எடுத்தார். சட்டை பித்தானைக் கழுத்துவரை போட்டு, தலையைப் படிய வாரி, பயந்த முகத்தோடு ஒரு பையன். பெரிய அளவில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்த அம்மா படத்தை வாங்கி முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் காதைத் தொட்டார். படமெடுப்பது தப்பா சரியா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும். "நல்ல படம்" என்ற சொல் உறுத்தினால் அதை விட்டுவிட்டு "விலகிப்போக முடியாத படம்" என்று எழுதுங்கள்.

படத்தைப் பத்தின விவரத்தை முன்னாடியே படிச்சிடலாமா?

முதல் பக்கம் எழுதி முடித்த பிறகு படியுங்கள். படித்த பின் மாறினால் இரண்டாம் பக்கம் எழுதுங்கள். முதல் பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.

பண்ருட்டிப் பக்கத்து மாணவர் ஒருவர் கொள்ளுப்பாட்டியின் படத்தைக் கொண்டு வந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த கிழவி. "என்னை முறைக்கிறாள், இமைக்கவே மாட்டாள், சின்ன வயதில் அந்த அறைக்குள் தனியாகப் போக மாட்டேன்" என்று எழுதியிருந்தார். பிரிண்ட்டைக் கையில் வாங்கியதும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. கருவிழி இரண்டும் பிரஷ்ஷில் வரைந்தவை. அந்தக் காலத்தில் உயிரோடு படமெடுக்காமல் போனவர்களை, இறந்த பிறகு உட்கார வைத்து எடுத்து, பிரிண்ட்டில் கண்ணைத் திறந்ததுபோல் டச்சிங் செய்து தருவதுண்டு. அப்பாவுக்கும் அந்த வேலை தெரியும். வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் இரண்டாம் பக்கத்தோடு வந்தார்: "முறைக்கவில்லை. கடைசியாக ஒரு தடவை எங்களைப் பார்க்கட்டும் என்று யாரோ கண் எழுதியிருக்கிறார்கள்." முதல் பக்கம் பொய்யா? இல்லை. அந்தப் பயம் இல்லாமல் இரண்டாம் பக்கத்துக்கு அவ்வளவு கனம் வந்திருக்காது.

பெரிய படங்களுக்கும் இது நடக்கும். 1936-இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங்க் எடுத்த தாயின் படம் பாடப் புத்தகம் வரை வந்துவிட்டது. லாங்க் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. பெயர் வெளியே வந்தபோது 40 ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அந்தத் தாய் மனம் நொந்து சொன்னார். இது தெரிந்த பிறகு கன்னத்தில் வைத்த அந்தக் கையை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

எல்லாரும் கொண்டாடுற படம் எனக்குப் பிடிக்கலைன்னா?

பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். இடத்தைக் காட்டினால் போதும், நான் வாதாட மாட்டேன்.

கறுப்பு வெள்ளைன்னாலே ஆழமா தெரியுதே, அது ஏன்? அதையே எழுதலாமா?

அதைச் சோதித்துப் பார்க்க ஓர் இணை இருக்கிறது. 1984 போபால் விஷவாயு விபத்தில் இறந்த ஒரு குழந்தையைப் புதைக்கும் காட்சியை இரண்டு பேர் படமெடுத்தார்கள். ரகு ராய் கறுப்பு வெள்ளையில், பாப்லோ பார்த்தலோமியோ கலரில். கலர்ப் படம் அந்த ஆண்டின் வேர்ல்டு பிரஸ் போட்டோ விருது பெற்றது. அதே குழந்தை, அதே மண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தெம்பு இருந்தால் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் முகம் சிற்பம்போல ஆகி, நடந்தது என்றைக்குமானது என்று தோன்றுகிறது எனக்கு. கலரில் மண்ணுக்கு மண் நிறம், தோலுக்குத் தோல் நிறம். இன்று காலை நடந்ததுபோல் இருக்கிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்கு நேர்மாறாக இருக்கலாம். "கறுப்பு வெள்ளை என்றால் ஆழம்" என்று பொதுவாக எழுதாமல், நிறம் போனதால் இந்தப் படத்தில் எது போனது, எது வந்தது என்று பாருங்கள்.

மஞ்சச் சுவர், போகன்வில்லா, சைக்கிள்... நம்ம ஊர்ப் படம்னாலே இதுதான். இதுக்கு என்னத்தை எழுத?

பார்த்துப் பார்த்துப் புளித்த படத்துக்கு எழுதுவதுதான் கடினம், அதனால் கெட்டிக்காரர்களுக்கு இதையே கொடுப்பேன். குருசுக்குப்பத்துப் பையன் ஒருவன் அப்படிப்பட்ட ஒரு டூரிஸ்ட் போஸ்ட் கார்டை எடுத்துக்கொண்டான். முதல் நாள் "அழகு, ஆனா போர்" என்றான். 15 நிமிடம் உட்கார வைத்தேன். மஞ்சள் சுவரின் கீழ் ஓரத்தில், நடைபாதையோடு ஒட்டி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்ததைக் கண்டுபிடித்தான். உள்ளே வேலைக்குப் போனவருடையது. "எங்கம்மா இந்த மாதிரி வீட்டுக்குத்தான் பாத்திரம் கழுவப் போவாங்க. செருப்பை வெளியேதான் விடணும்." அவன் எழுதிய பக்கத்தில் சுவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தத் தெருவை நான் பல நூறு தடவை படமெடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வாசலைப் பார்க்காமல் ஷட்டரை அழுத்தியதில்லை.

நான் எழுதினதும் போட்டோகிராஃபர் நினைச்சதும் வேறயா இருந்தா மார்க் போயிடுமா?

போகாது. அவர் நினைத்ததைக் கண்டுபிடிப்பது வேறு வேலை, அதற்கு அவர் பேட்டியைப் படிக்கலாம். ஆனால் ஓர் எல்லை உண்டு. படத்தில் இல்லாததை இருப்பதாக எழுதக் கூடாது. ஆள் அழுகிறார் என்று எழுதினால் கண்ணில் நீர் தெரிய வேண்டும், இல்லையென்றால் "அழுகிறார் என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் உதடு இப்படி மடிந்திருக்கிறது" என்று பிரித்து எழுதுங்கள். கண்டது ஒரு வாக்கியம், தோன்றியது இன்னொரு வாக்கியம். கொள்ளுப்பாட்டி முறைத்தாள் என்று எழுதியவர் "இமைக்காத கண்" என்றும் எழுதியிருந்தார். அவர் கண்டது சரி. அதனால்தான் உண்மை தெரிந்த பிறகும் அந்தப் பக்கம் நின்றது.

இங்கிலீஷ்ல எழுதவா, தமிழ்லயா?

நீங்கள் எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அதில். பேச்சுத் தமிழிலேயே எழுதலாம். சும்மாடு, தூக்குச்சட்டி போன்ற சொற்கள் தானாக வந்தால் வழி மறிக்காதீர்கள்.

ஆறு மாசம் கழிச்சு அதே படத்தைப் பார்த்தா வேற மாதிரி தோணுது. அப்ப முதல்ல எழுதினது தப்பா?

புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலத்தைப் படமெடுக்காத மாணவர் என் வகுப்பில் கிடையாது. கடலுக்குள் நேராக ஓடும் கோடு, சுலபமான காம்போசிஷன். அந்தப் படங்களுக்கு வந்த பக்கங்களில் எல்லாம் "தூரம்", "தனிமை" என்றுதான் இருக்கும். 2022 மார்ச்சில் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே பிரிண்ட்டுகளை மறுபடி கையில் கொடுத்தேன். எல்லோர் கண்ணும் தூரத்தை விட்டுவிட்டுத் தூண்களுக்குப் போனது. அடியில் உப்பு அரித்திருந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். அது முன்பும் அங்கேதான் இருந்தது. படம் மாறவில்லை, பார்ப்பவர் மாறியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள்.

வகுப்புல எல்லார் முன்னாடியும் படிக்கணுமா? படிக்கும்போது அழுதுட்டா?

கட்டாயம் இல்லை. என்னிடம் மட்டும் கொடுக்கலாம். படிக்க நினைத்து நடுவில் குரல் உடைந்தால் நாங்கள் காத்திருப்போம், யாரும் ஆறுதல் சொல்ல ஓடி வர மாட்டோம். விட்ட வரியிலிருந்து நீங்களே தொடரலாம், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கவும் சொல்லலாம். போன வருஷம் ஒருவர் படித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. பிரிண்ட் மட்டும் வரிசையாகக் கை மாறிப் போனது, ஒவ்வொருவரும் அவர் சொன்ன இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்கள். அதனால் பிரிண்ட்டை மடிக்காமல், ஏதாவது நோட்டுக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள்.